அந்தக் கடிகாரத்தைத் திரும்ப மாட்டுங்கள்

மன்றச் செயலாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

நம் சீட்டறையின் மேற்குச் சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் தெரிகிறது. நான் உறுப்பினராகச் சேர்ந்த 1991லேயே அந்த இடத்தில் கடிகாரம் இருந்தது. ஏ.சி. மாட்டுவதற்காக இறக்கினார்கள். ஏ.சி. ஓட ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. கடிகாரம் சுவருக்குத் திரும்பவில்லை. ஷட்டில் கோர்ட்டுக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில், கிழிந்த வலைக்கு அடியில் கிடந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மறந்துவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உங்கள் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. சனிக்கிழமைகளில் சீட்டறை விடிய விடியத் திறந்திருக்கும். ரம்மி மேஜைகளோடு போக்கருக்கு என்று இரண்டு மேஜை. பத்தரைக்கு மேல் வாங்கிவந்த லேட் ஃபீஸ் ரத்து. கையில் பணம் இல்லாத உறுப்பினர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு 5,000 ரூபாய் வரை டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'தூங்கா நகரத்தில் நம் மன்றம் மட்டும் தூங்கலாமா?'

முதலில் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் கடை கீழமாசி வீதியில். ராத்திரி லாரி வந்தால் மூட்டை இறக்குகிறவர்கள் விடியும்வரை முழித்திருப்பார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருட்டோடு மல்லி வந்து இறங்கும், கட்டுகிறவர்கள் முழித்திருப்பார்கள். பஸ் நிலையத்துப் பக்கம் இட்லிக் கொப்பரையும் பரோட்டாக் கல்லும் அணையாமல் இருக்கும். மதுரை தூங்காமல் இருப்பது பிழைப்புக்காக. முழித்திருந்தவன் காலையில் கூலியோடு வீட்டுக்குப் போவான். நம் சீட்டறையில் விடிய விடிய உட்கார்ந்தவர் எதோடு போகிறார் என்பதை மூன்று சனிக்கிழமை நானே உட்கார்ந்து பார்த்தேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

சீட்டே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். தருமரை இந்த மடலுக்குள் இழுக்கப் போவதும் இல்லை. அவரை எல்லோரும் போதுமான அளவு இழுத்தாயிற்று. இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து பதிமூன்று சீட்டு பிடிக்கிறேன். போக்கரும் தெரியும். சரியாகச் சொன்னால், தெரிந்துகொண்டதற்கு நிறையவே கட்டணம் கட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் 2010க்குப் பிறகு சேர்ந்தவர்கள். சீட்டறைப் பொறுப்பில் அதற்கு முன்னால் இருந்த பெரியவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தேகாலுக்கு வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, கடைசிக் கை" என்பார். ஒரே தடவைதான் சொல்வார். பத்தரைக்கு ஃபேன் சுவிட்சை அணைப்பார். சித்திரை மாதத்து மதுரையில் ஃபேன் இல்லாத அறைக்குள் பத்து நிமிஷம் உட்கார யாராலும் முடியாது, கையில் மூன்று ஜோக்கர் இருந்தாலும். அடம்பிடித்து உட்கார்ந்தவர்களிடம் தலைக்கு ஐம்பது ரூபாய் லேட் ஃபீஸ். பதினொன்றுக்கு அறையே பூட்டிவிடும். அவரைத் திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன், கொஞ்சம் மோசமாகவே. அந்த மனுஷன் எங்களில் எத்தனை பேர் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று அவருக்கே தெரியாது.

இந்தச் சுற்றறிக்கை பற்றி உங்கள் குழுவில் ஒருவரிடம் வராண்டாவில் வைத்துக் கேட்டேன். "அண்ணே, எல்லாரும் வளர்ந்த ஆளுக. எப்ப எந்திரிக்கணும்னு அவுகளுக்குத் தெரியாதா? அது அவங்கவங்க பொறுப்பு" என்றார். நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் ஒரு கேள்வி. நம் சீட்டறையில் ஒரு ஆள் தானாக எழுந்து போவது எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

ஜெயித்தவர் எழுந்தால், "என்னண்ணே, அள்ளிக்கிட்டுக் கெளம்பிட்டீக" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் அடுத்த வாரம் வரை அந்தச் சிரிப்பு கூடவே வரும். தோற்றவர் எழுந்தால், "இருங்கண்ணே, விட்டதைப் பிடிக்காமப் போறதா?" என்பார்கள். அதுவும் அன்பாகத்தான். வரவும் செலவும் சரியாக நிற்கிறவர் எழுந்தால், "இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலையே" என்பார்கள். ஆக, எழுவதற்கு மரியாதையான நேரம் என்று ஒன்று அந்த மேஜையில் கிடையாது. மணி அடித்து அறை பூட்டினால் மட்டும் யாரும் ஜெயித்துவிட்டு ஓடியவரும் இல்லை, தோற்றுவிட்டு ஓடியவரும் இல்லை. கிளப் மூடிவிட்டது, அவ்வளவுதான். பல வருடம் எங்களுக்குப் பழி ஏற்றுக்கொள்ள ஒரு பெரியவரும் ஒரு கடிகாரமும் இருந்தார்கள். இப்போது இரண்டும் இல்லை, 'அவரவர் பொறுப்பு' என்கிறீர்கள்.

ஆட்டத்துக்கு உள்ளே நிறுத்தச் சொல்லித்தரும் வழி இருக்கிறது. ரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு கைக்கு வந்ததும் சரியில்லை என்று கவிழ்த்துவிட்டால் 20 பாயிண்ட். இரண்டு மூன்று சுற்று பார்த்துவிட்டு நடுவில் விட்டால் 40. ஆசைப்பட்டுக் கடைசிவரை உட்கார்ந்து மாட்டினால் ஃபுல் கவுண்ட், 80. சீக்கிரம் விடுகிறவனுக்கு அபராதம் குறைவு என்று ஆட்டமே விலை போட்டு வைத்திருக்கிறது. போக்கரிலும் அப்படித்தான். கைக்கு வருவது இரண்டே சீட்டு. பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு பைசா போடாமல் கவிழ்க்கலாம். நல்ல ஆட்டக்காரர் பத்தில் ஏழெட்டு கையை அப்படித்தான் கவிழ்ப்பார். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆனால் கையை எப்போது விடுவது என்று தெரிந்தவனுக்கு நாற்காலியை எப்போது விடுவது என்று தெரியும் என நினைப்பது தப்புக் கணக்கு. நாற்காலிக்கு 20, 40, 80 என்று விலைப்பட்டியல் இல்லை. எந்தச் சீட்டும் அதைச் சொல்லாது.

இனி என் கதை. வீட்டுக்காரிக்கும் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தது. உங்களுக்காகப் பொதுவில் வைக்கிறேன்.

2017, ஆடி மாதம். அழகர்கோயில் சாலையில் தெரிந்தவர் ஒருவரின் தோப்பு வீடு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவர் மருமகன் மேஜை போட்டிருந்தான். எட்டுப் பேர். சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து நான் கொண்டுபோனது 20,000 ரூபாய். பத்தரை மணிக்கு என் முன்னால் 58,000 ரூபாய்க்கு டோக்கன் அடுக்கியிருந்தது. பத்தரை என்று எப்படித் தெரியும் என்றால், இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் தலை தானாக நிமிர்ந்து மேற்குச் சுவரைப் பார்த்தது. அங்கே ஒரு முருகன் காலண்டர்தான் இருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தேன். கிளம்பலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எட்டுப் பேரில் அள்ளிக்கொண்டு கிளம்புகிறவனாக இருக்கக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றேகால் இருக்கும். எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. 221 கைக்கு ஒரு தடவை வருகிற சீட்டு அது. பந்தயத்தை ஏற்றினேன். எதிரே ஒருவர் மட்டும் கூடவே வந்தார். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கிற ஐந்து சீட்டில் முதல் மூன்றை விரித்தார்கள்: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் எட்டு, கிளாவர் மூன்று. அவர் கையில் சின்னதாக இரண்டு ஆர்ட்டின் இருந்திருக்கிறது. இன்னும் ஒரு ஆர்ட்டின் விழுந்தால் ஒரே ரகத்தில் ஐந்து. போக்கரில் ஃப்ளஷ் என்பார்கள், நம் மூணு சீட்டுக்காரர்கள் கலர் என்பார்கள். நான் மிச்சத்தைத் தள்ளினேன். அவரும் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் தள்ளினார். நான்காவது சீட்டு ஒன்றுக்கும் உதவாதது. ஐந்தாவது, ஆர்ட்டின் ரெண்டு. ஒரே கையில் 41,000 போனது.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்தக் கையை நான் ஆடியதில் தப்பே இல்லை. பணம் உள்ளே போனபோது எனக்கு நூற்றுக்கு 65 வாய்ப்பு, அவருக்கு 35. மூன்று தடவையில் ஒரு தடவை அவர் ஜெயிக்கத்தான் செய்வார். இன்றைக்கும் அதே சீட்டு வந்தால் அதேபோலத்தான் ஆடுவேன். இன்னொன்றும் பாருங்கள். 58,000இல் 41,000 போனால் கையில் 17,000. நான் கொண்டுபோனது 20,000. அதாவது அந்த நிமிஷத்தில் என் நஷ்டம் மூவாயிரம் ரூபாய். ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற காசு. எழுந்து, "வர்றேன் மாப்ள" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் என் மனசுக்குள் இருந்த கணக்கில் போனது மூவாயிரம் இல்லை, நாற்பத்தோராயிரம். முக்கால் மணி நேரம் கண்ணால் பார்த்த பணம் என்னுடைய பணமாகிவிட்டது. அதைத் திரும்ப எடுக்காமல் எழுவது என் பாக்கெட்டில் ஒருத்தன் கைவிட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவதுபோல இருந்தது. விட்டதைப் பிடிக்கிறது என்று நாம் சொல்கிறோமே, பாதி நேரம் அது விட்டதே இல்லை.

போக்கர்க்காரர்கள் இதற்கு டில்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதுரையில் மண்டை காய்ந்துவிட்டது என்போம். மண்டை காய்ந்தவனைப் பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. நான் சத்தம் போடவில்லை. டீ குடித்தேன், ஜோக் அடித்தேன். கையில்தான் தெரிந்தது. பத்தில் ஏழெட்டு கவிழ்க்கிற நான், ஒரு மணிக்கு மேல் கவிழ்த்த கைகளை எண்ணிவிடலாம். ராஜா–ஏழுக்குப் போனேன். ராணி–நாலுக்குப் போனேன். அடுத்த கை நல்லதாக வரும், இவ்வளவு நேரம் வராததால் வந்தே தீரும் என்று இருந்தது. சீட்டுக்கட்டு யாருக்கும் பாக்கி வைத்துக்கொள்வதில்லை என்பது பகலில் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கைக்கும் 52 சீட்டையும் புதிதாகத்தான் கலைக்கிறார்கள். போன கையில் நடந்ததை அடுத்த கை அறியாது. இரவு இரண்டு மணிக்கு அது எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு என் 17,000 தீர்ந்தது. அங்கேயாவது நின்றிருக்க வேண்டும், வேறு வழியில்லாமல். தோப்பு வீட்டுக்காரர் ஒரு டைரியை எடுத்து, "எப்ப வேணா குடுங்கண்ணே, உங்ககிட்ட என்ன" என்று பத்தாயிரத்துக்கு டோக்கன் தள்ளினார். அந்த வார்த்தையில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தபோது டைரியில் என் பெயருக்கு நேராக 1,65,000 இருந்தது. கொண்டுபோன இருபதாயிரத்தையும் சேர்த்தால் 1,85,000. அதில் பணமாக நான் கண்ணால் பார்த்துத் தோற்றது இருபதாயிரம்தான். மிச்சமெல்லாம் கையெழுத்து.

திரும்பும் வழியில் மாட்டுத்தாவணியில் வண்டியை நிறுத்தி மல்லி வாங்கினேன். வீட்டுக்காரி பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டே "எவ்வளவு?" என்றாள். பூவின் விலையை அவள் கேட்கவில்லை.

நான் வியாபாரி. முண்டு மிளகாய் வத்தல் விலை இறங்க ஆரம்பித்தால் அரைமணி நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லுவேன். குவிண்டாலுக்கு ஆயிரம் நஷ்டம் என்றால் ஆயிரத்தோடு போகட்டும். இன்னும் வைத்திருந்தால் மூவாயிரம் போகும். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் கடை நடக்கிறது. அதே ஆள்தான் அந்தத் தோப்பு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடையில் மார்க்கெட் சாயங்காலம் முடிந்துவிடும். கணக்குப்பிள்ளை நோட்டை மூடிவிடுவார். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரி நடுவில் கிடைக்கும். என் புத்திசாலித்தனம் என்று நான் நினைத்ததில் பாதி அந்த ராத்திரியுடையது. அதைத்தான் சனிக்கிழமைகளில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

அந்த இரவில் நான் நம் மன்றத்தில் இருந்திருந்தால் 38,000 லாபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன் என்று வாதாட வரவில்லை. இன்னொரு நாள் 38,000 நஷ்டத்திலும் பத்தரை மணி வந்திருக்கும். வந்திருக்கும், அதுதான் எனக்கு வேண்டியது.

இப்போது அந்த மூன்று சனிக்கிழமை. நான் ஆடவில்லை; ஓரத்து நாற்காலியில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் குழுவிலிருந்து ஒருவரும் பதினொன்றுக்கு மேல் இருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். முதல் சனிக்கிழமை இரண்டு போக்கர் மேஜையிலும் சேர்த்துப் பதினாறு பேர். ஒரு மணிக்குள் ஐந்து பேர் எழுந்தார்கள். அதில் நான்கு பேர் ஜெயித்தவர்கள். ஐந்தாமவருக்கு மகளிடமிருந்து போன் வந்தது. மூன்று மணிக்கு ஏழு பேர், ஒரே மேஜை. ஏழில் ஆறு பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள். அடுத்த இரண்டு வாரமும் ஆட்கள் மாறினார்களே தவிர இதே கதைதான். விடிகாலை மேஜை என்பது ஜெயித்தவர்கள் போன பிறகு தோற்றவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிடிக்கப் பார்க்கிற மேஜை. அதிலும் முழுசாகப் பிடிக்க முடியாது. மணிக்குத் தலைக்கு நூறு ரூபாய் நாற்காலிக் கட்டணம் அங்கிருந்து மன்றத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தக் கணக்கையும் போட்டேன், கடைக்காரன் புத்தி. பத்தரையிலிருந்து ஐந்தரை வரை யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று கூட்டினால் ஒரு சனிக்கிழமைக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். அதில் பாதி ஒரு மணிக்கு மேல் வந்தது, அதாவது கையெழுத்துப் போட்டவர்கள் பணம். மாதத்துக்கு முப்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டில் கோர்ட் கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும் என்கிறீர்கள். நாம் முந்நூறு பேர் இருக்கிறோம். மாதச் சந்தாவில் நூறு ரூபாய் கூட்டினால் அதே முப்பதாயிரம் வரும், எல்லோரிடமிருந்தும், பகலில், ரசீதோடு.

சட்டம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரம்மி திறமை விளையாட்டு என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். சொன்னது உண்மைதான், செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில். முழுவதையும் போட்டிருக்கலாம். மன்றம் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்க்கிறது என்று நிரூபணமானால் குற்றம் குற்றமே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. குறித்த நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களிடம் லேட் ஃபீஸ் வாங்குவது மன்றங்களில் வழக்கமானதுதான் என்றும் சொல்கிறது. நீங்கள் ரத்து செய்தது அதைத்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்றது. அதே தீர்ப்பில் நேரக் கட்டுப்பாடு, வயதுக் கட்டுப்பாடு போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. திறமை இருக்கிறதா இல்லையா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. திறமை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

செல்போன் ரம்மியைக் காறித் துப்பாதவர் நம் மன்றத்தில் கிடையாது. அந்தச் செல்போன் ரம்மி கம்பெனிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் விதி போட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடும் ஆட்டம் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும், அப்புறம் அரைமணிக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று. கம்பெனிகள் வழக்குப் போட்டார்கள். ஜூனில் உயர் நீதிமன்றம் அரசு பக்கம்தான் நின்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. அந்தச் சட்டம் நம் மேஜைக்குப் பொருந்தாது, தெரியும். ஆனால் போனில் ஆட முடியாமல் போன நம் பையன்கள் கை பரபரத்துக்கொண்டு இருக்கிற நேரம் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். செல்போன் ரம்மி கம்பெனிக்குக் கூட மூடச் சொன்ன அதே ஐந்து மணி நேரத்துக்கு நாம் திறக்கிறோம். சீட்டறையில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுப் பையன்களின் அப்பாக்களோடு நான் ஆடியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே கேட்கிறேன். தயவு என்று கேட்கவில்லை, முப்பத்து மூன்று வருடத்துக்கு மேல் சந்தா கட்டியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

இரவு நேர ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். சனிக்கிழமையும் சேர்த்து எல்லா நாளும் பத்தேகாலுக்குக் கடைசிக் கை, பத்தரைக்கு ஆட்டம் முடிவு, பதினொன்றுக்குப் பூட்டு. லேட் ஃபீஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஐம்பது ரூபாய் இன்றைக்குப் பத்தாது, இருநூறாக்குங்கள். ஃபேன் போய் ஏ.சி. வந்துவிட்டதால், பத்தரைக்கு ஏ.சி.யை அணைக்கும் வேலையை யாராவது ஒருவர் பொறுப்பில் எழுத்துமூலம் கொடுங்கள். யார் திட்டினாலும் அவர் வேலைக்குப் பங்கம் வராது என்றும் அதிலேயே எழுதுங்கள்.

டோக்கன் கடன் நோட்டை மூடுங்கள். இதில் பேரத்துக்கு இடமில்லை. போக்கர் மேஜை வேண்டுமென்றால் இருக்கட்டும், ஆனால் உட்காரும்போது எவ்வளவுக்கு டோக்கன் வாங்கினாரோ அதோடு சரி; தீர்ந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இதுவரை நோட்டில் ஏறியிருக்கும் பாக்கியை வசூலிக்க வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். நாற்காலிக் கட்டணத்தில் வந்ததை அதற்கு ஈடுகட்டி, மிச்சத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் எத்தனை பெயர், மொத்தம் எவ்வளவு, நாற்காலிக் கட்டணத்தில் மன்றத்துக்கு எவ்வளவு வந்தது என்பதை வரும் பொதுக்குழுவில் பெயர் சொல்லாமல் வாசியுங்கள்.

அலுவலகத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். 'ஆறு மாதத்துக்கு என்னைச் சீட்டறைக்குள் விடாதீர்கள்' என்று ஒரு உறுப்பினர் தானே எழுதிக் கொடுத்தால், அவர் நடுவில் வந்து கெஞ்சினாலும் விடக் கூடாது. மன்றத்தின் மற்ற எல்லா வசதியும் அவருக்கு உண்டு. அந்த ஒரு கதவு மட்டும் இல்லை. எழுதுகிறவரை யாரும் கேலி செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ரம்மி ஆறு மாதம் காத்திருக்கும்.

சீட்டறை வாசலில், கை கழுவும் இடத்துக்கு மேலே, 14416 என்ற எண்ணை எழுதி வையுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலிமானஸ் எண், காசு கிடையாது. விட முடியாமல் ஆடுவதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த ஆடிக்குப் பிறகு மூன்று மாதம் நான் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திரிந்தேன். அப்போது அப்படி ஒரு எண் கண்ணில் பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு ஒட்டுங்கள். பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி மனுவில் கையெழுத்து வாங்கும் வேலையை அதன் பிறகு ஆரம்பிக்கிறேன்.

கடிகாரத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல், மற்றபடி ஒன்றும் இல்லை. ஒரு பென்சில் பேட்டரி போட்டால் ஓடுகிறது. பேட்டரி போட்டு ஸ்டோர் ரூம் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். போக்கர் மேஜை இரண்டும் அந்தப் பக்கம் இருப்பதால், மேற்குச் சுவரில் மாட்டாமல், எல்லா நாற்காலியிலிருந்தும் தெரிகிற மாதிரி வாசலுக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
1991 முதல் உறுப்பினர்,
கீழமாசி வீதி, மதுரை